நாயனமும் தவிலும் பதிவு செய்ய எந்த மென்பொருள்? கியூபேஸா, ரீப்பரா, ஆடாசிட்டியா?

அரசலாறு — வியாழன், இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்குக் கிழக்கே அரசலாற்றங்கரையில் எங்கள் ஊர். அப்பா நாயனம், சித்தப்பா தவில். தாத்தாவும் நாயனக்காரர், அவர் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை. வாத்தியம் பழகவில்லை என்ற குறை எனக்கு எப்போதும் உண்டு. வாசிக்கத் தெரியாதவள் பதிவு செய்தாவது வைக்கலாம் என்று இந்த ஆண்டு முடிவெடுத்திருக்கிறேன்.

வேலைகள் மூன்று. அப்பாவையும் சித்தப்பாவையும் வீட்டில் உட்காரவைத்துப் பதிவது. கோயிலிலும் கல்யாணத்திலும் மூன்று நான்கு மணி நேரம் வாசிப்பதை அப்படியே எடுப்பது. தாத்தா வீட்டில் சாதகம் செய்தபோது பதிவான முப்பத்தோரு காசெட்டுகளைக் கணினிக்குக் கொண்டுவருவது.

8 ஜிபி நினைவகம் கொண்ட விண்டோஸ் மடிக்கணினி இருக்கிறது. கையில் 25,000 ரூபாய். பதிவுக்கூடம் வைத்திருப்பவர் ஒருவர் புரோ டூல்ஸ் இல்லாமல் இறங்காதே என்கிறார். தம்பி எஃப்எல் ஸ்டுடியோ என்கிறான். இணையத்தில் பாதிப் பேர் ரீப்பர் என்கிறார்கள்.

நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் எங்கள் ஊர்க் கோயிலில் சுவாமி புறப்பாடு. உறவுக்காரப் பையன் ஒருவன் விலை உயர்ந்த மென்பொருள் ஒன்றைக் காசில்லாமல் உடைத்து நிறுவிக் கொடுத்திருந்தான். மண்டபத்தில் இரண்டு மைக் வைத்தேன். அப்பா கம்பீரநாட்டையில் மல்லாரி தொடங்கினார். 38ஆவது நிமிடத்தில் திரை உறைந்தது. மறுபடி திறந்தபோது ஒன்றுமே இல்லை. அப்பா "போகட்டும் விடம்மா" என்று சொல்லிவிட்டுச் சீவாளியை (நாயனத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டு) கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. இனி இப்படி நேரக்கூடாது.

வெண்ணாறு — வியாழன், இரவு 9.48

அம்மா, எந்த மென்பொருள் என்ற பேச்சு பிறகு. அந்த மடிக்கணினியில் இப்போதைக்குப் புதிதாக எதையும் பதியவும் வேண்டாம், நிறுவவும் வேண்டாம். உங்கள் மல்லாரி பெரும்பாலும் வட்டில்தான் இருக்கிறது.

பதிவு மென்பொருள்கள் ஒலியை வந்த கையோடு வேவ் கோப்பாக வட்டில் எழுதிக்கொண்டே போகும். நிறுத்தும்போதுதான் கோப்பின் தலைப்பகுதியில் மொத்த நீளத்தைக் குறிக்கும். நடுவில் உறைந்தால் அந்த எண் விழாது. கோப்பு காலி என்று மற்ற நிரல்கள் நினைத்துக்கொள்ளும். உள்ளே ஒலி இருக்கும்.

அந்தத் திட்டத்தின் ஆடியோ கோப்புறையைத் திறந்து அன்றைய தேதியில் பெரிய கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஒற்றைத் தடம் என்றால் நிமிடத்துக்கு 8.64 எம்பி. 38 நிமிடத்துக்கு 328 எம்பி வரவேண்டும். இருந்தால் பென்டிரைவில் நகல் எடுத்து, வேறு கணினியில் ஆடாசிட்டியில் "மூலத் தரவு" என்ற இறக்குமதி வழியாகத் திறங்கள். 24 பிட், லிட்டில் எண்டியன், ஒரு சேனல், 48000. தொடக்க இடம் 0 என்று வைத்து இரைச்சலாக வந்தால் 1, 2 என்று மாற்றிப் பாருங்கள். ஒலியின் ஒவ்வோர் அளவீட்டுக்கும் (மாதிரி என்பார்கள்) மூன்று பைட். எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பது தவறினால் எல்லாமே குலைந்துவிடும்.

முதலில் இதைச் செய்யுங்கள். மற்றதை நாளை பேசுவோம்.

கல்லணை — வெள்ளி, காலை 7.15

நான் கீபோர்டு வாசிப்பவன், பக்திப் பாடல்களுக்கு இசை அமைக்கிறேன். பதினைந்து ஆண்டுகளாகக் கியூபேஸ். 1989இல் அட்டாரி கணினிக்கு வந்த மென்பொருள் அது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் விஎஸ்டி பிளகின் (பதிவு மென்பொருளுக்குள் சேர்க்கும் துணை நிரல்) முறையே 1996இல் அதே ஸ்டைன்பெர்க் நிறுவனம் கொண்டுவந்ததுதான். மிடியில் (ஒலியை அல்ல, எந்த ஸ்வரம் எப்போது என்ற குறிப்பைப் பதியும் முறை) அதற்கு இணையாக நான் எதையும் பார்த்ததில்லை. முன்பு யுஎஸ்பி பூட்டு ஒன்றைச் செருகியே வைத்திருக்க வேண்டும். 2022இல் வந்த 12ஆம் பதிப்போடு அந்தத் தொல்லையும் போயிற்று. குறைந்த வசதிகள் கொண்ட எலமென்ட்ஸ் பதிப்பில் தொடங்கலாம். சில இன்டர்ஃபேஸ்களுடன் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) எல்இ அல்லது ஏஐ பதிப்பு இலவசமாகவே வரும்.

தம்பி சொல்லும் எஃப்எல் ஸ்டுடியோவையும் தள்ளிவிட வேண்டாம். ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுவதும் புதிய பதிப்புகள் கட்டணமில்லாமல் வரும். தாளக்கட்டு போட்டுப் பாட்டு உருவாக்குபவர்களுக்கு அது கை பழகிவிட்டால் விடாது.

வெண்ணாறு — வெள்ளி, பகல் 1.30

கல்லணை சொன்னதில் தவறில்லை, அவர் வேலைக்கு. அம்மா கேட்பது வேறு வேலை. இங்கே மிடி இல்லை, லூப் இல்லை. கட்டத்துக்குள் அடங்கும் லயமும் இல்லை. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்து வாசிக்கிறார்கள். ஆலாபனையில் தாளமே கிடையாது. மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடவேண்டும், உறையக்கூடாது, பிறகு வெட்ட எளிதாக இருக்கவேண்டும். இதற்குத் தஞ்சாவூரில் இருபத்திரண்டு ஆண்டுகள் பதிவு செய்த அனுபவத்தில் நான் சொல்வது ரீப்பர்.

நிறுவும் கோப்பே மிகச் சிறியது. பழைய மடிக்கணினியிலும் ஓடும். 60 நாள் முழு வசதிகளோடு சோதித்துப் பார்க்கலாம். தனிநபர்களுக்கும் சிறு தொழில் செய்பவர்களுக்குமான உரிமம் 60 டாலர். ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். அந்த உரிமம் இரண்டு முதன்மைப் பதிப்புகள் வரை செல்லும். 25,000 ரூபாயில் இதைக் கழித்தாலும் மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் பணம் மிஞ்சும். புரோ டூல்ஸ் பெரிய திரைப்படக் கூடங்களில் கோப்பு பரிமாற நல்லது. அதன் இலவச இன்ட்ரோ பதிப்பில் எட்டு ஆடியோ தடங்கள் உண்டு, உங்களுக்கு அதுவே போதும்தான். ஆனால் பரிமாற யாரும் இல்லாத இடத்தில் அதைப் பழகுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. லாஜிக் அருமையான மென்பொருள். ரஹ்மான் கையில் அது என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியும். மேக் அல்லது ஐபேட் இல்லாமல் அது ஓடாது, பேச்சு அங்கேயே முடிகிறது.

ஆடாசிட்டியை நான் மதிக்கிறேன். காசெட் வேலைக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் விண்டோஸில் அது நெடுங்காலம் ஏசியோ (பல சேனல்களைக் குறைந்த தாமதத்தில் எடுக்கும் டிரைவர் முறை) வசதி இல்லாமலேயே வந்தது. இரண்டு சேனலுக்கு மேல் ஒரே நேரத்தில் எடுப்பது சிரமம். நாயனத்துக்கு ஒன்று, தவிலுக்கு இரண்டு என்று உங்களுக்குக் குறைந்தது மூன்று மைக் வேண்டும்.

இன்டர்ஃபேஸ் வாங்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும். யுஎஸ்பி மிக்ஸர் என்று கடையில் காட்டுவார்கள். பன்னிரண்டு குமிழ் இருக்கும், கணினிக்குப் போவது கலந்துவிட்ட இரண்டு சேனல் மட்டும். தவிலை மட்டும் பிறகு குறைக்க நினைத்தால் முடியாது. ஒவ்வொரு மைக்கும் தனித்தனித் தடமாகக் கணினிக்குப் போகிறதா என்று கேட்டு வாங்குங்கள். நான்கு உள்ளீடு உள்ளது பழையதாகக் கிடைத்தாலும் எடுக்கலாம்.

அரசலாறு — வெள்ளி, இரவு 10.22

ஐயா, கிடைத்துவிட்டது!

கோப்புறையில் இரண்டு கோப்புகள் இருந்தன. விண்டோஸ் 313 எம்பி என்று காட்டியது. முதலில் 328 இல்லையே என்று துணுக்குற்றேன்; அது 1024ஆல் வகுத்துக் காட்டுகிறது என்பது பிறகு நினைவுக்கு வந்தது. போட்டுப் பார்த்தால் நீங்கள் சொன்ன அதே அளவு. பள்ளிக் கணினிக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். பதற்றத்தில் 16 பிட் என்று விட்டுவிட்டேன் போலிருக்கிறது, அடைமழை ஓட்டுக்கூரையில் விழுவதுபோல் ஒரே இரைச்சல். 24 என்று மாற்றினேன். அப்போதும் இரைச்சல். தொடக்க இடம் 1. மறுபடியும் இரைச்சல். 2 என்று வைத்ததும் கோயில் மணி கேட்டது. அதன் பின்னால் சித்தப்பாவின் தவில்.

ஏன் 2 என்று உட்கார்ந்து யோசித்தேன். தலைப்பகுதி 44 பைட் என்று படித்தேன். 44ஐ மூன்றால் வகுத்தால் மீதி 2. நாளை எட்டாம் வகுப்பில் மீதி கற்பிக்கும்போது இதைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்பா முழுவதும் கேட்டார். இருபதாவது நிமிடத்தில் ஓரிடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். "இங்கே மூச்சு முன்னாலேயே எடுத்துவிட்டேன்" என்றார். இத்தனை ஆண்டுகளில் அவர் தன் வாசிப்பைத் தானே உட்கார்ந்து கேட்டது இதுவே முதல் முறை.

உடைத்த பிரதியை அழித்துவிட்டேன்.

மன்னை வயலின் — சனி, காலை 6.40

மல்லாரி மீண்டது கேட்டு மனம் நிறைந்தது. நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். வயலின் வாசிக்கிறேன், சொல்லித் தருகிறேன், என் மாணவர்களின் வாசிப்பை நானே பதிந்து நானே வெட்டி ஒட்டுகிறேன். ரீப்பர் பற்றி என் பக்கத்திலிருந்தும் சொல்லவேண்டும்.

என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் திரையில் உள்ளதைப் பேசும், தமிழிலும் பேசும். ரீப்பருடன் ஓசாரா என்ற இலவச இணைப்பைச் சேர்த்தால் எந்தத் தடத்தில் நிற்கிறேன், ஒலி எத்தனை டெசிபலில் உச்சம் தொட்டது, எந்த நொடியில் சுட்டி இருக்கிறது என்று அனைத்தையும் சொல்லும். சுட்டெலி தேவையே இல்லை. வெட்ட எஸ், குறிக்க எம். பார்வையற்ற ஒலிப்பதிவாளர்களே கூடி உருவாக்கி வளர்க்கும் இணைப்பு அது. இதற்கு முன் வேறு இரண்டு மென்பொருள்களில் முயன்று, ஒவ்வொரு வெட்டுக்கும் பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டிருந்தேன். என் வாசிப்பில் எங்கே வெட்டவேண்டும் என்பதை இன்னொருவர் கண்ணை நம்பி முடிவுசெய்வது எனக்கு வேதனையாக இருந்தது. இப்போது கேட்டே வெட்டுகிறேன்.

பார்வை உள்ளவர்களுக்கும் ஒன்று சொல்வேன். அலைவடிவத்தைப் பார்த்து வெட்டாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். படத்தில் அமைதிபோல் தெரியும் இடத்தில் சுருதி ஓடிக்கொண்டிருக்கும், மீட்டின ஸ்வரத்தின் வால் இருக்கும். அதை வெட்டினால் காதில் குத்தும்.

குடமுருட்டி — சனி, காலை 11.05

லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் யாராவது படித்தால்: ஆர்டர் என்ற திறமூல மென்பொருள் நேரடிப் பதிவுக்கு மிக நன்றாக இருக்கிறது. ரீப்பரும் லினக்ஸில் ஓடுகிறது. விண்டோஸிலேயே இருக்கப்போகிறவர்கள் இதற்காக மாறவேண்டாம்.

அப்பாவை முதலில் பதிந்துவிட்டு, சித்தப்பாவை அதன்மேல் தனியாக வாசிக்கச் சொல்லும் எண்ணம் இருக்கிறதா?

அரசலாறு — சனி, பகல் 2.18

அப்படித்தான் நினைத்தேன். ஒருமுறை முயன்றும் பார்த்தேன். தவில் ஒரு மயிரிழை பின்தங்கியே விழுந்தது. சித்தப்பாவின் கை பிசகாது என்பது ஊருக்கே தெரியும்.

குடமுருட்டி — சனி, பகல் 3.50

கை பிசகவில்லை, கணினியின் தாமதம் அது. ஒலி உள்ளே போய் வெளியே வர எடுக்கும் நேரம். ஏசியோ வழியில் 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் மாதிரிகளின் எண்ணிக்கை) 256 என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு 5.3 மில்லிநொடி, 1024 என்றால் 21 மில்லிநொடி. ஒலி ஒரு மில்லிநொடிக்குக் காற்றில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகிறது. அதாவது 1024 வைத்தால் தவில்காரர் ஏழு மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம். நல்ல இன்டர்ஃபேஸும் அதற்கே உரிய டிரைவரும் இருந்தால் ரீப்பர் பதிந்ததை அந்த அளவுக்குத் தானே முன்னால் நகர்த்திவிடும். ஆடாசிட்டியில் தாமத ஈடு என்று ஓர் எண் இருக்கிறது. நெடுநாளாக அது மைனஸ் 130 மில்லிநொடி என்ற பொதுக் கணக்கில்தான் வரும். உங்கள் கணினிக்கு ஏற்பக் கைத்தட்டல் ஒன்றைப் பதிந்து அளந்து மாற்றவேண்டும்.

ஆனால் என் கருத்து, இருவரையும் சேர்த்தே எடுங்கள்.

வெண்ணாறு — சனி, மாலை 5.30

சேர்த்தே எடுங்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாயனம் வாசிப்பவரை நான் கட்டாயப்படுத்த மாட்டேன். அவருக்குத் தேவை எதிரில் தவில்காரரின் முகம்.

மைக் வைக்கும் விதம். பலரும் நாயனத்தின் அணசுக்கு (கீழே விரிந்த வாய்) நேராக மைக்கை நீட்டுகிறார்கள். அங்கே ஒலி கூர்மையாக அறையும், மற்ற இடத்து நயம் வராது. ஒலி அணசு வழியாக மட்டும் வருவதில்லை, திறந்த விரல் துளைகள் வழியாகவும் வெளியேறுகிறது. மூன்று நான்கு அடி தள்ளி, வாத்தியத்தின் நடுப்பகுதி உயரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். தவிலுக்கு வலந்தலைப் பக்கம் ஒன்று, தொப்பிப் பக்கம் ஒன்று. வலந்தலையில் விரல் கூடுகளின் சொடுக்கு, தொப்பியில் கழியின் அடி. இரண்டும் இரண்டு உலகம், ஒரே மைக்கில் இரண்டும் நேராக வராது. அளவை உச்சத்திலும் மைனஸ் 12 டெசிபலுக்கு மேல் போகவிடாதீர்கள். 24 பிட்டில் இடம் தாராளமாக இருக்கிறது, சத்தமாகப் பதியவேண்டும் என்ற பழைய நாடா நாள் பழக்கத்தை விட்டுவிடலாம்.

எந்த அறை?

அரசலாறு — சனி, இரவு 8.05

கூடம் பெரியது, ஆனால் டைல்ஸ் போட்டாயிற்று. கை தட்டினால் திரும்பக் கேட்கிறது. பின்கட்டில் நெல் வைக்கும் அறை இருக்கிறது. இப்போது நாற்பது மூட்டை அடுக்கியிருக்கிறது.

வெண்ணாறு — சனி, இரவு 8.20

அந்த அறைதான். கைக்காசு செலவழித்து நுரைப்பலகை ஒட்டினாலும் அப்படி ஓர் அறை அமையாது. மூட்டைகள் மூன்று பக்கம் இருக்கட்டும், கதவுப் பக்கம் வைக்கோல் கட்டு இரண்டு. நெல் விற்கும் முன் பதிவை முடியுங்கள்.

பம்புசெட் ஓடாத நேரமாகப் பாருங்கள். மடிக்கணினியைப் பதிவின்போது சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். பாதி உறுமல் அதிலேயே போய்விடும். இணையத்தையும் துண்டித்துவிடுங்கள், விண்டோஸ் புதுப்பிப்பு நடுவில் தொடங்கக்கூடாது.

கல்லணை — ஞாயிறு, காலை 9.00

ரீப்பர் என்று முடிவானால் எனக்கும் மறுப்பில்லை. ஒரு யோசனை மட்டும். அப்பா ஓரிடத்தில் மூச்சு முன்னால் எடுத்ததாகச் சொன்னார் அல்லவா? அதுபோன்ற இடங்களில் ஸ்வரம் கொஞ்சம் இறங்கியிருந்தால் மெலோடைன் போன்ற கருவியில் சரிசெய்துகொள்ளலாம். என் கியூபேஸில் வேரிஆடியோ அதைச் செய்கிறது. கேட்பவருக்குத் தெரியாது.

மன்னை வயலின் — ஞாயிறு, காலை 9.35

தம்பி, உங்கள் பாட்டில் நீங்கள் செய்துகொள்ளுங்கள், அதில் நான் தலையிடவில்லை. நாயனத்தில் வேண்டாம். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்தின் பக்கமும் மத்யமத்தின் பக்கமும் போய்வந்துகொண்டே இருக்கும், அந்த அசைவுதான் காந்தாரம். அந்தக் கருவி ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்து வைத்துக்கொண்டு, இது எந்தப் படியில் நிற்கிறது என்று தேடும். கிடைக்காவிட்டால் பக்கத்துப் படியில் கொண்டுபோய் நிறுத்தும். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியை அதில் போட்டுத் தட்டையாக்கினால் மிஞ்சுவது என்ன? இந்த மண்ணில் பிறந்த வாசிப்பை இந்த மண்ணில் இருப்பவர்களே அப்படிச் செய்யலாமா?

அந்தப் பெரியவர் மூச்சு முன்னால் எடுத்த இடம் அவருக்குத் தெரிகிறது. அடுத்த முறை அவரே சரிசெய்வார்.

கல்லணை — ஞாயிறு, காலை 10.10

ஐயா, புரிகிறது. படியில் நிறுத்தாமல் கையால் மட்டும் நகர்த்தவும் அதில் வழி இருக்கிறது என்பதால் சொன்னேன். ஆனாலும் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். நாயனத்தில் நான் அதைத் தொடமாட்டேன்.

நன்னிலம் — ஞாயிறு, பகல் 12.25

காசெட்டுகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. மூன்றாவது வேலைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் காத்திருந்தால் அழியக்கூடியது அது ஒன்றுதான். நம் பக்கத்து ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். வெண்மையாகத் தூள் தெரிந்தால் இயக்காதீர்கள், டேப் ரெக்கார்டரின் தலையும் (நாடாவைப் படிக்கும் பாகம்) கெடும், அடுத்த காசெட்டுக்கும் ஒட்டும்.

பூஞ்சை இல்லாததை முழுவதும் ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றிவிட்டு இயக்குங்கள். தலையின் சாய்வைச் சரிசெய்யும் சிறு திருகு ஒன்று இருக்கும். ஒவ்வொரு காசெட்டுக்கும் அதை மிக இலேசாகத் திருப்பி, ஒலி எங்கே மிகத் தெளிவாகத் திறக்கிறதோ அங்கே நிறுத்தவேண்டும். எந்த மென்பொருளின் இரைச்சல் நீக்கியும் இதற்கு ஈடாகாது.

அடுத்தது வேகம். பழைய டேப் ரெக்கார்டர்கள் சரியான வேகத்தில் பதிந்திருக்கும் என்று நம்பமுடியாது. மெதுவாகப் பதிந்ததை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிக் கேட்கும். ஒரு வழி இருக்கிறது. அந்த ரெக்கார்டர் வீட்டு மின்சாரத்தில் ஓடியிருந்தால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் நாடாவிலேயே பதிந்திருக்கும். ஆடாசிட்டியில் அலைநிறமாலையை (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) போட்டுக் கீழே பாருங்கள். கோடு 50இல் இல்லாமல் 52இல் இருந்தால் நாடா நான்கு சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள்.

அரசலாறு — ஞாயிறு, இரவு 9.55

நன்னிலம் ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். எங்கள் வீட்டில் இதைப் பற்றி ஒரு பழைய வழக்கே உண்டு. காசெட்டில் தாத்தாவின் சுருதி இரண்டரைக் கட்டையாக (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) கேட்கிறது. அப்பா, "எங்கள் அப்பா இரண்டு கட்டைக்கு மேல் வாசித்ததே இல்லை, காசெட் பொய் சொல்கிறது" என்பார். சித்தப்பா, "உனக்கு மறந்துவிட்டது" என்பார்.

முதல் காசெட்டை ஏற்றிப் பார்த்தேன். இரண்டு கோடுகள் தெரிந்தன. ஒன்று 50இல், மற்றது 51.5இல். எதை நம்புவது?

வெண்ணாறு — ஞாயிறு, இரவு 10.30

50இல் இருப்பது இன்று உங்கள் வீட்டு மின்சாரம் சேர்த்தது. 51.5இல் இருப்பதுதான் நாடாவில் உள்ளது. ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்த நாளில் நம் பக்கத்து மின்சாரம் 50இலேயே நின்றதில்லை. மாலை நேரத்தில் சுமை ஏறினால் 49க்கும் கீழே இறங்கும். ஆகவே இந்தக் கணக்கு ஏறக்குறையத்தான். வேறு ஏதாவது சாட்சி வேண்டும். தாத்தா சாதகம் செய்யும்போது சுருதிக்கு என்ன வைத்துக்கொள்வார்?

அரசலாறு — திங்கள், இரவு 8.47

பரணில் இருந்தது. துருத்தி வைத்த பழைய சுருதிப்பெட்டி. துணியில் சுற்றி அம்மா வைத்திருந்தார். துருத்தியில் ஓரிடத்தில் ஓட்டை. சைக்கிள் டியூப் ஒட்டும் பசையால் அப்பாவே அடைத்தார். பித்தளை நாக்குகள் நன்றாக இருக்கின்றன.

காசெட்டில் நாயனத்துக்குப் பின்னால் கேட்பது இதே பெட்டிதான். ஆலாபனை தொடங்கும் முன் பத்து நொடி சுருதி மட்டும் ஓடுகிறது. அதன் ஷட்ஜத்தை அளந்தேன்: 311 ஹெர்ட்ஸ். பெட்டியை இன்று நெல் அறையில் வைத்துப் பதிந்து அளந்தேன்: 296. இரண்டு கட்டை என்பது 293.7, இரண்டரை என்பது 311.1. பெட்டி இரண்டு கட்டையில் சற்று ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

311ஐ 296ஆல் வகுத்தால் 1.0507. உறுமல் 51.5ஐ அதே எண்ணால் வகுத்தால் 49.0. வெண்ணாறு ஐயா சொன்ன அதே மாலை நேர மின்சாரம்! இரண்டு சாட்சியும் ஒத்துப்போகின்றன.

ரீப்பரில் அந்தப் பதிவைத் தேர்ந்து எஃப்2 அழுத்தி, வேகத்தை 0.952 (1ஐ 1.0507ஆல் வகுத்தது) என்று வைத்து, சுருதியைக் காப்பாற்று என்ற குறியை எடுத்துவிட்டேன். அப்பாவையும் சித்தப்பாவையும் உட்காரவைத்துப் போட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பாதான் கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணன் சொன்னது சரி" என்றார். அதன் பிறகு இருவரும் காசெட்டின் ஒரு பக்கம் முழுவதும் அசையாமல் கேட்டார்கள்.

உரிமத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். நான்கு உள்ளீட்டு இன்டர்ஃபேஸ் திருச்சியில் பழையது ஒன்று பேசியிருக்கிறேன்.

நன்னிலம் — திங்கள், இரவு 9.20

அம்மா, மீதி முப்பதுக்கும் இதே 0.952ஐப் போட்டுவிடாதீர்கள். வெவ்வேறு நாள், வெவ்வேறு வேகம். பேட்டரி கட்டைகளில் ஓட்டியிருந்தால் காசெட் முடியும்போது இன்னும் மெதுவாகப் பதிந்திருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அந்தச் சுருதியை அளந்து எழுதிவையுங்கள். வேகம் மாற்றாத மூலப் பதிவையும் தனியாக 24 பிட்டில் வைத்திருங்கள்.

அரசலாறு — செவ்வாய், இரவு 9.02

குறித்துக்கொண்டேன். ஒரு பதிவேடு போட்டிருக்கிறேன்: காசெட் எண், பக்கம், சுருதி, ராகம்.

ஒரு சந்தேகம். ஏழாவது காசெட்டில் தோடி. ஏ பக்கம் முடியும் இடத்தில் ஆலாபனை அறுந்துபோகிறது. பி பக்கம் வேறோர் இடத்தில் தொடங்குகிறது. காசெட்டைத் திருப்பிப் போட்ட நேரத்தில் வாசித்தது பதிவாகவில்லை. இரண்டையும் கிராஸ்ஃபேடு செய்து (ஒன்று மங்க மற்றது எழும்படி ஒட்டி) பார்த்தேன், சுருதி சேர்ந்துவிடுகிறது, ஒட்டே தெரியவில்லை. அப்படியே விடலாமா?

மன்னை வயலின் — செவ்வாய், இரவு 9.31

ஒட்டாதீர்கள் அம்மா. அவர் காந்தாரத்திலிருந்து எங்கே போனார் என்பது நமக்குத் தெரியாது. ஒட்டினால், அங்கிருந்து நேரே பி பக்கத்து இடத்துக்குப் போனதாகக் கேட்பவர் நினைப்பார். நாளை உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவன் அதையே பாடமாகப் பழகுவான். மூன்று நொடி இடைவெளி விடுங்கள்.

அரசலாறு — செவ்வாய், இரவு 9.50

மூன்று நொடி விட்டுவிட்டேன். எம் அழுத்தி அந்த இடத்தில் "காசெட் திருப்பியது" என்று குறித்தும் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை நெல் அறையில் முதல் பதிவு. பக்கத்து வயல்காரர் காலை பத்து மணி வரை மோட்டார் போடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.